பண்ணை நிலத்தில் தொல்லை விலங்குகளுக்கு எந்த ரைஃபிள் சரி?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 15 ஏக்கர் நிலம். முயல்கள் நாற்றைக் கடித்து நாசம் செய்கின்றன, தீவனக் கொட்டகையில் எலி, அவ்வப்போது நரி வந்து கோழியைத் தூக்கிப் போகிறது. முறைப்படி உரிமம் வாங்கத் தயார். அளவுக்கு மீறிய சக்தி வேண்டாம், விளையாட்டுச் சாமானாகவும் இருக்கக் கூடாது, நடுத்தரமாக ஒரே ஒரு ரைஃபிள் வாங்குவதென்றால் எந்த கேலிபர் (குழல், தோட்டா அளவு) என்பது உங்கள் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எந்த விலங்கு, எவ்வளவு தூரத்தில், அதன் பின்னால் என்ன இருக்கிறது. விலங்குகளைச் சொல்லிவிட்டீர்கள். பெரும்பாலும் 80 மீட்டருக்குள் என்று தூரத்தையும் சொல்லிவிட்டீர்கள். பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லவில்லை. ரைஃபிளைத் தீர்மானிக்கப் போவது அதுதான்.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அக்கம்பக்கத்து நிலங்களில் முயலையும் நரியையும் கட்டுக்குள் வைப்பதும் பல வருடங்களாக எனக்கு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எது உறுதியானது, எது என் விருப்பம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதை முதலில் வைக்கிறேன். 15 ஏக்கர் சதுரமான நிலமாக இருந்தால் ஒரு பக்கம் 250 மீட்டர்கூட வராது. ரைஃபிள் தோட்டாக்களில் சாதுவானது என்று எல்லோரும் நினைக்கும் பாயிண்ட் டூ டூ (.22) குண்டு, குழலைத் தூக்கிச் சுட்டால் ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குப் போய் விழும். ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பல தோட்டாப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். ஆக, நீங்கள் எந்த ரைஃபிளை வாங்கினாலும் தவறிய குண்டு உங்கள் வேலிக்குள் தானாக நின்றுவிடாது. அதை நிறுத்த மண் வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் மாலை வெறுங்கையோடு நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். முயல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, எந்தப் பக்கம் பார்த்தால் விலங்குக்குப் பின்னால் வரப்போ, மேடோ, ஏறுசரிவோ இருக்கிறது, எந்தப் பக்கம் வெறும் வானமும் பக்கத்து வீட்டுக் கூரையும் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதர் குண்டை நிறுத்தாது. மரத்தை நம்ப முடியாது. மேட்டின் உச்சியில் நிற்கும் விலங்கை எந்த கேலிபராலும் சுடக் கூடாது.

சமதரையாக இருந்தால் உயரத்தில் உட்காருவதுதான் வழி. 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருக்கும் முயலைச் சுட்டால் குண்டு கீழ்நோக்கி இறங்கி மண்ணுக்குள் போகும். அதே முயலைத் தரையில் படுத்துக்கொண்டு சுட்டால் குண்டு கிட்டத்தட்டத் தரையை உரசிக்கொண்டு போகும். கல்லிலோ காய்ந்து இறுகிய மண்ணிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்துக் கிளம்பும். எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெதுவாகப் போகும் கெட்டியான ஈயக் குண்டு இப்படித் தெறிப்பதில் பேர்போனது. தெறித்த .22 குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் அதன் பிறகு இடம் பார்க்காமல் விசையில் கை வைக்க மாட்டார்கள்.

இப்போது சக்திக்கு வருகிறேன். குழல் வாயில் குண்டுக்கு இருக்கும் ஆற்றலை ஜூலில் சொன்னால் ஒப்பிடுவது சுலபம். சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் 10 முதல் 20 ஜூல். .22 எல்ஆர் தோட்டா வகையைப் பொறுத்து ஏறக்குறைய 140 முதல் 190. .17 எச்எம்ஆர் சுமார் 330. .22 மேக்னம் 430 அளவில். .22 ஹார்னெட் ஆயிரத்தை நெருங்கும். .223 ரெமிங்டன் 1,700-ஐத் தாண்டும். நடுத்தரம் என்று நீங்கள் சொல்வது இந்த வரிசையில் .22 எல்ஆரில் தொடங்கி .22 மேக்னத்தோடு முடிகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த மூன்று நடுத்தரத் தோட்டாக்களும் அடியின் விளிம்பில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் வகை. ஹார்னெட்டும் .223-யும் அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் சென்டர்ஃபயர் வகை. வேறு அளவிலான சத்தம், வேறு அளவிலான தூரம்.

கொட்டகை எலிக்கு ரைஃபிள் தோட்டா எதுவுமே பொருத்தமில்லை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் ஐந்தாறு மீட்டருக்குள் இருக்கும் இடம் அது. அங்கே ஏர் ரைஃபிள் போதும், அதுவும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான், ஏனென்றால் அதன் பெல்லட் குண்டும் சிமெண்டில் பட்டால் திரும்பி வரும். எலியை முக்கியமாகக் குறைப்பது மூடிய தீவன டிரம்மும் அடைத்த பொந்துகளும்தான். துப்பாக்கி அதற்கு அடுத்ததுதான்.

முயலுக்கு .22 எல்ஆர். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1887-இல் வந்த தோட்டா; இத்தனை காலம் கழித்தும் சிறு விலங்குக் கட்டுப்பாட்டில் இதை ஓரங்கட்ட எதுவும் வரவில்லை. காரணம் எளிமையானது. 40 கிரெயின், அதாவது சுமார் இரண்டரை கிராம் எடையுள்ள குண்டு, ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே போகும்படி செய்த சப்சோனிக் வகையில் கிடைக்கிறது. ஒலியைத் தாண்டாததால் சாட்டை சொடுக்கின மாதிரியான அந்த வெடிப்புச் சத்தம் கிடையாது. ஒரு முயல் விழுந்தாலும் பத்து மீட்டர் தள்ளி மேய்கிற மற்றவை பல நேரம் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கும். கட்டுப்பாட்டு வேலையில் இது பெரிய வசதி. நுனியில் குழி உள்ள ஹாலோபாயிண்ட் குண்டையே வாங்குங்கள். உடலுக்குள் விரிந்து வேலையை விரைவாக முடிக்கும், ஊடுருவி வெளியே போவதும் குறையும்.

.22 எல்ஆரின் பலவீனம் அதன் பாதை வளைவு. 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் சப்சோனிக் குண்டு 75 மீட்டரில் 7 சென்டிமீட்டர் அளவுக்கும், 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் அளவுக்கும் கீழே இறங்கிவிடும். முயலின் தலையில் நீங்கள் தொட வேண்டிய இடம் மூன்று சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. தூரத்தைப் பத்து மீட்டர் தப்பாகக் கணித்தாலே காயப்படுத்தி ஓடவிடுவீர்கள். வேகமான வகைத் தோட்டா வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். 100 மீட்டரில் இறக்கம் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும் என்பது உண்மை. ஆனால் பக்கக் காற்றில் வேகமான .22 குண்டுதான் மெதுவான குண்டைவிட அதிகமாக விலகும். கேட்கத் தலைகீழாகத் தோன்றினாலும் நன்றாக அளந்து உறுதிப்பட்ட விஷயம்: ஒலி வேகத்துக்கு மேலே கிளம்பிய குண்டு வழியில் தன் வேகத்தை அதிக விகிதத்தில் இழக்கிறது, அந்த இழப்புக்கு ஏற்பத்தான் காற்று தள்ளுகிறது. அதனால் .22 எல்ஆரை 60 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. தூரத்தை அளக்கும் கருவி வாங்கினால் இன்னும் கொஞ்சம் நீட்டலாம்.

.17 எச்எம்ஆர் 2002-இல் வந்தது. .22 மேக்னம் தோட்டாவின் உலோகக் கூட்டின் கழுத்தை இறுக்கிச் செய்தது. 17 கிரெயின் குண்டு வினாடிக்கு 770 மீட்டருக்கு மேல் கிளம்புவதால் பாதை கோடு போட்ட மாதிரி இருக்கும். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்தால், 25 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை எங்கே சுட்டாலும் குறியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விலகாது. தூரத்தைக் கணிக்கும் தலைவலி பாதி போய்விடும். மெல்லிய உறையுள்ள அந்தச் சிறு குண்டு மண்ணில் பட்டதும் பெரும்பாலும் சிதறிவிடுவதால் தெறிப்பும் .22-ஐவிடக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. பாதகம் இரண்டு. ஒன்று சத்தம்: முதல் வெடிப்பிலேயே வயலில் இருக்கும் முயல் அத்தனையும் வளைக்குள் போய்விடும். இன்னொன்று காற்று: மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று 100 மீட்டரில் அதை 10 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிவிடும். பாதை நேராக இருப்பதைப் பார்த்து மயங்கி, காற்றை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நரிதான் உங்கள் கேள்வியில் சிக்கலான பகுதி. .22 எல்ஆரால் நரி சாகுமா என்றால் 30, 40 மீட்டரில் தலையில் சரியாகப் பட்டால் சாகும். அதை நம்பி ஒரு ரைஃபிள் வாங்கலாமா என்றால் கூடாது. ஐந்து முதல் எட்டு கிலோ வரை எடையுள்ள, ஓயாமல் அசைகிற, தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் விலங்கு அது. நெஞ்சில் பட்டால் உடனே முடிக்கிற சக்தி வேண்டும். .22 மேக்னம் 80 மீட்டர் வரை அதைச் செய்யும் என்பது என் அனுபவம்; .17 எச்எம்ஆர் போதுமா என்பதில் விவரம் தெரிந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. குண்டு மிக இலகுவானது, தோள் எலும்பில் பட்டால் மேலேயே உடைந்துவிடக்கூடும் என்பது ஒரு தரப்பு. 100 மீட்டருக்குள் இடம் பார்த்துச் சுட்டால் பிரச்சினையே இல்லை என்பது இன்னொரு தரப்பு. நான் முதல் தரப்பின் பக்கம் சாய்கிறேன், ஆனால் இது தீர்ந்துபோன விவாதம் இல்லை. .223-ஆக இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது. பதிலுக்கு, உங்கள் 250 மீட்டர் அகல நிலத்தில் அதைப் பாதுகாப்பாகச் சுடக்கூடிய திசைகள் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் போகும்.

ஆக என் பரிந்துரை: முயல்தான் அன்றாடத் தொல்லை, நரி எப்போதாவதுதான் என்றால் ஒவ்வொரு தோட்டாவையும் கைப்பிடியை இழுத்து ஏற்றும் .22 எல்ஆர் போல்ட் ஆக்‌ஷன் வாங்குங்கள், நரிக்குக் கோழிக்கூட்டைப் பலப்படுத்துங்கள். கம்பி வலையை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தினாலே பெரும்பகுதி இழப்பு நின்றுவிடும். நரி வாரம் தவறாமல் வருகிறது, நல்ல மண்மேடும் இருக்கிறது என்றால் .22 மேக்னம். இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடினால், குழலை மாற்றிப் பொருத்திக்கொள்ளும்படி செய்த சீஇசட் 457 போன்ற ரைஃபிள்கள் இருக்கின்றன; .22-இல் தொடங்கிப் பிறகு உரிமம் அனுமதித்தால் மற்றொரு குழல் வாங்கலாம்.

சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் உண்டு. சப்சோனிக் தோட்டாவின் உந்துதல் போதாமல் பல செமி ஆட்டோக்கள் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம், போல்ட்டைத் திறந்து வைத்தால் துப்பாக்கி வெறுமையாக இருப்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். வேலிக் கம்பியைத் தாண்டும்போது, வண்டியில் ஏறும்போது, வீட்டுக்குள் நுழையும்போது இது உயிர் காக்கும் விஷயம். குழல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். .22 எல்ஆரின் வெடிமருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் நீளம் இருந்தால் வேகம் சொல்லும்படியாக அதிகரிக்காது, வண்டிக்குள் இடிக்கும்.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் பணத்தை மிச்சம் பிடிப்பது தப்பு, பெரிய எண்களைத் தேடுவதும் தப்பு. நான்கு மடங்கு பெரிதாக்கும் நிலையான ஸ்கோப்போ, 3-9 மடங்கு மாறும் ஸ்கோப்போ போதும். ஆனால் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம்) 50 மீட்டர் அளவில் அமைத்த ரிம்ஃபயர் ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள். சென்டர்ஃபயருக்கான ஸ்கோப் பொதுவாக 100 கெஜத்துக்கு அமைத்திருப்பதால், கிட்டத்தில் கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறியும் நகரும். ஏர் ரைஃபிளுக்கென்றால், ஸ்பிரிங் வகை முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைக்கும். அதைத் தாங்கும்படி செய்த ஸ்கோப் இல்லாவிட்டால் உள்ளே கண்ணாடி கழன்றுவிடும்.

புதியவர்கள் யாருமே எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 50 மீட்டருக்குச் சரிசெய்த ரைஃபிளால் எட்டு மீட்டரில் சுட்டால் குண்டு 2 சென்டிமீட்டர் கீழே படும். சிறு விலங்கின் தலைக்கு அது முழுத் தவறு. இதைவிட ஆபத்தானது, சுவரின் மேலோ வண்டி பானட்டின் மேலோ துப்பாக்கியைச் சாய்த்துக் குறி பார்க்கும்போது வருவது. ஸ்கோப் வழியாகப் பார்த்தால் முயல் தெளிவாகத் தெரியும், குறுக்கே எதுவும் இருக்காது. ஆனால் நான்கு சென்டிமீட்டர் கீழே குழல் வாய்க்கு நேர் எதிரே சுவர் விளிம்பு இருக்கும். விசையை அழுத்தினால் முகத்துக்கு முன்னாலேயே செங்கல் தூள் பறக்கும், குண்டு வேறெங்கோ போகும். வயல்வெளியில் சுடும்போது ஒவ்வொரு முறையும் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுத்து, குழலுக்கு முன்னால் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தக் கம்பெனித் தோட்டா நல்லது என்று கேட்காதீர்கள், பதில் உங்கள் குழலுக்குள் இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். நான்கைந்து வகைகளை ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றில்லாத காலையில், மணல் மூட்டையில் தாங்கி 50 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஐந்து ஓட்டைகளையும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் போடும் வகையைத் தேர்ந்தெடுத்து அதையே நிறைய வாங்கி வையுங்கள். பிறகு மணல் மூட்டையை எடுத்துவிட்டு, நிலத்தில் சுடப்போகிற அதே நிலையில், உட்கார்ந்தோ கோலில் சாய்த்தோ, மறுபடி ஐந்து சுடுங்கள். மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்தும் விழுகிற தூரம் எதுவோ அதுதான் முயலுக்கு உங்கள் எல்லை. 40 மீட்டர்தான் வருகிறதென்றால் 40 மீட்டர்தான். இன்னும் பெரிய கேலிபர் வாங்கினாலும் அந்த எல்லை நீளாது.

காதுக்கு .22 தானே என்று அலட்சியம் வேண்டாம். வெடிச்சத்தத்துக்குச் சொல்லும் ஆபத்து வரம்பான 140 டெசிபெல்லை ஒட்டியே அதன் ஓசை இருக்கும். இரவில் சுடுவதாக இருந்தால் முதலில் அது உங்கள் ஊரில் அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள். தெர்மல் கருவி சூட்டைக் காட்டும், ஆனால் விலங்குக்கு முன்னாலுள்ள கம்பியையும் பின்னாலுள்ள மேட்டையும் பல நேரம் சரியாகக் காட்டாது. படுத்திருக்கும் நாய்க்குட்டியும் நரியும் அதில் ஒரே வெள்ளைப் பொட்டுதான். பகலில் நடந்து குறித்துவைத்த திசைகளில் மட்டும் சுடுங்கள், விலங்கு இன்னதென்று தெரிந்த பிறகு மட்டும் சுடுங்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் உங்கள் நிலத்துக்கு எது செல்லும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் எங்கேயும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு, அவை வெவ்வேறு அலுவலகங்களுக்குரியவை. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் உண்டா என்பது ஒன்று, அந்த விலங்கைக் கொல்ல அனுமதி உண்டா என்பது இன்னொன்று. ஒன்று கிடைத்ததால் மற்றதும் கிடைத்துவிட்டதாக நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிய இரும்பு அலமாரியிலும், தோட்டாக்களையும் போல்ட்டையும் வேறிடத்தில் பூட்டியும் வைப்பது சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது.

சுட்ட விலங்கை வயலில் போட்டுவிட்டு வராதீர்கள். விரியும் ஈயக் குண்டு உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறும்; அதைத் தின்னும் கழுகுக்கும் பருந்துக்கும் அந்தத் துகளே நஞ்சு. காண்டர் பெருங்கழுகுகள் இப்படிச் செத்துக்கொண்டிருந்ததால்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை அறவே தடை செய்தார்கள். .22-க்குச் செப்புக் குண்டுகளும் இருக்கின்றன, எல்லாக் குழலும் அவற்றை ஏற்பதில்லை; உங்கள் தோட்டாச் சோதனையில் ஒரு பெட்டி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

கடைசியில் போகிற போக்கில் காட்டுப்பன்றியும் ஒருநாள் வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக இப்போதே சக்தியைக் கூட்டி வாங்காதீர்கள். மேலே சொன்ன ரிம்ஃபயர் எதுவும் பன்றிக்கு ஆகாது. காயம்பட்ட பன்றி உங்களுக்கும் ஆபத்து, அதற்கும் வதை. அதோடு, கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை இரவுக்கு மாறி, இடம் மாறி, முன்னைவிட உஷாராகிவிடும். கூட்டத்தை மொத்தமாகப் பிடிக்கும் கூண்டும் மின்வேலியுமே அங்கே பலன் தருபவை. பன்றியின் தடம் உண்மையிலேயே தென்பட்டால், எத்தனை, எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்ற விவரத்தோடு தனியாகக் கேளுங்கள். இப்போதைக்கு நிலத்தின் மேடு பள்ளத்தையும், பக்கத்து வீடுகளும் பாதையும் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் ஒரு தாளில் வரைந்து போடுங்கள். .22 எல்ஆரா மேக்னமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும்.